பெண்கடல் ஓரத்து வீடு

"அங்கன அலைச் சத்தம் ரொம்பக் கேக்குமா அண்ணி?"

"கடல்னா கேக்காதா? காதே அடைச்சுப் போகும்."

"அப்ப நான் வந்து பேசினாக்கூட உங்களுக்குக் கேக்காது."

"நல்லதுதானே!" என்றாள் கோகிலா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதுகுளத்தூர் பத்திர ஆபீஸ் வராந்தாவில் நடந்த பேச்சு அது. மிளகாய்ப் புஞ்சையையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் விற்பதற்கு, தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருந்தாள் நாத்தனார் முருகலட்சுமி. புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து அவளுக்கு இருந்த கூரை அது ஒன்றுதான். சிரித்து முடித்ததும் தொண்டையைச் செருமினாள். எதையாவது கேட்பதற்கு முன்னால் அவள் அப்படித்தான் செருமுவாள். என்ன கேட்கப்போகிறாள் என்று கோகிலாவுக்குத் தெரியும். கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டும். "பஸ் வந்துரும், எந்திரி" என்று எழுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை. செருமல் கேட்டால் மிக்ஸியைப் போடுவாள். டிவி சத்தத்தைக் கூட்டுவாள். வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். விற்ற பணத்தில் வாங்கிய கடற்கரை வீட்டில் பால் காய்ச்சியபோது ஊரையே கூப்பிட்டவள், அவளை மட்டும் கூப்பிடவில்லை. கூலிக்குப் போன மிளகாய்க் கிட்டங்கியின் ஒரு மூலையில், அடுக்கி வைத்த மூட்டைகளுக்கு நடுவே, தூசிக்காக வாயில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், படுத்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தாள் முருகலட்சுமி.

இப்போது, மண்டபத்துக்கு இந்தப் பக்கம் வடக்குக் கரையில், உப்புக்காற்றும் பக்கத்துக் குடிசைகளில் காயும் கருவாட்டு வாசமும் தவிர வேறெதுவும் வராத அந்தப் புது வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில், மிளகாய் நெடி அடித்தது.

அடுப்படியைத் தேடினாள். மிளகாய் டப்பா மூடித்தான் இருந்தது. கண் எரிந்தது. பக்கத்து மனையை விலை பேச ராமநாதபுரம் போயிருந்த புருஷன் பூமிநாதனைப் போனில் கூப்பிட்டாள்.

"கருவாட்டு ஊர்ல உக்காந்துக்கிட்டு மிளகா நெடிங்கிறா பாரு! பேச்சு முடியப்போகுது, வைடி."

"சீக்கிரம் வாங்க."

அதற்குள் வைத்துவிட்டான்.

வெளியே கடல் அசையாமல் கிடந்தது. வாங்கும்போது அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புஞ்சைக்காட்டு ஆட்களுக்கு எந்தக் கரையானாலும் கடல் கடல்தான். குடிவந்த பிறகுதான் மீன் விற்க வந்த குல்சும் சிரித்தாள்: "அலை வேணும்னா தெக்கே ஆண்கடல் பக்கம்ல மனை பாத்திருக்கணும்? இது பெண்கடல்க்கா. வாயே தொறக்காது."

வாசலில் யாரோ செருமினார்கள்.

கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. கை தானாகவே டிவியைப் போட்டது, பிறகு மின்விசிறியை, பிறகு அடுப்படிக்கு ஓடிப்போய் வெறும் ஜாரோடு மிக்ஸியை. அது காய்ந்து கதறியது, டிவியில் யாரோ பாடினார்கள், இத்தனை இரைச்சலுக்கும் நடுவில் அந்தச் செருமல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பழைய பொறுமையோடு, இடம் விட்டு, மறுபடி இடம் விட்டு, வந்துகொண்டே இருந்தது. செத்துப்போனவளிடமும் இதே வேலையா? தன் வீட்டில், தன் அடுப்படியில், மிக்ஸி பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்கே கூசியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கரண்ட் போனது.

மிக்ஸி நின்றது. விசிறி மெல்லச் சுற்றி நின்றது. கடல் உதவிக்கு வரவில்லை. ஒரு அலைகூட இல்லை.

செருமல்.

ஏதாவது பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பஸ், பால், மழை, எதுவும் வரவில்லை. நெடியில் இருமல்தான் வந்தது. கூடத்துக்கு வந்தாள். வராமல் இருக்க முடியவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. சாயங்காலத்தின் கடைசி வெளிச்சம். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். கைகள் மணிக்கட்டு வரை சிவப்பு. வாயில் துணி. படியை மிதிக்கவில்லை. கூப்பிடாத வீட்டு வாசலில் நிற்பதுபோல, ஒதுங்கி நின்றாள்.

கோகிலாவால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. தலை குனிந்தது.

முடிச்சு அவிழும் சத்தம்.

துணி விழுந்தது. அதன் மேல் மிளகாய் விதைகள். ஒன்று. இரண்டு. பிறகு கொத்தாக. பிடி பிடியாக. அந்த வாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தன. படி நிறைந்து, உள்ளே, கோகிலாவின் கால்விரல் வரை உருண்டு வந்தன.

கொட்டுவது நின்றது. அந்த வாய் காலியானது.

"வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி."