இதர என்ற வரி

தினமும் காலையில் சொல்வது போலவே அன்றும் முடிவுப்பொறி ஜெசிந்தாவுக்கு வணக்கம் சொன்னது. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் ஊர்களை நடத்திய அந்த நிறுவனத்தில் எல்லா முடிவையும் எடுப்பது அந்த இயந்திரம்தான். முடிவெடுப்பவர் எந்தத் தொழிலைத் தனியாகப் பார்வையிடுகிறாரோ, அதை மட்டும் நிறுவனத்தின் நிதி அறிக்கையில் தனிப் பிரிவாகக் காட்டினால் போதும் என்றது கணக்குத் தரநிலை. தனியாகக் காட்டாத பிரிவைப் பற்றி அரசும் வாய் திறக்காது.

ஜெசிந்தா அங்கே தணிக்கையாளர். அவளுடைய அண்ணன் ராயப்பன் நாலாம் மிதவையில் குடியிருந்தான். அங்கே குடிநீர் பில்டர் பழுதாகி, சிறுநீரகம் கெட்டு ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கையிலோ அந்த ஊரே நிறுவனத்தின் உப்பளத்தோடு சேர்ந்து 'இதர' என்ற வரிக்குள் கிடந்தது.

"நாலாம் மிதவைய ஏன் சார் தனியா காட்டல?" என்று நிதி இயக்குநர் குணசீலனிடம் கேட்டாள்.

"பொறி அதத் தனியா பாக்கறதில்லம்மா. பாக்காதத எப்படிக் காட்டுறது?"

"அது கண்ணுல படாம வச்சது யாரு?"

"விதிப்படிதான் செஞ்சிருக்கோம்." அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

ஜெசிந்தா அவரைத் தாண்டி நடந்தாள். நேரே பொறியின் முன் போய் நின்றாள். "நாலாம் மிதவையத் தனியா பாத்துச் சொல்லு." குணசீலன் எழுந்து வருவதற்குள் அது பார்த்துவிட்டது. பார்த்துவிட்டதால் நாலாம் மிதவை இனித் தனிப் பிரிவு. திருத்திய அறிக்கையில் சாவுகள் வெளியே வந்தன. இனி பில்டரை மாற்றிவிடுவார்கள் என்று ராயப்பன் போனில் அழுதான்.

சில நாட்களில் பொறி முடிவை அறிவித்தது. நாலாம் மிதவை நட்டப் பிரிவு; மூடப்படும். பில்டரை மாற்றுவதைவிட மக்களைக் கரையில் இறக்கிவிடுவது மலிவு.

துறைமுகத்தில் மூட்டைகளோடு நின்றவர்களில் ராயப்பனும் இருந்தான். "நீ கேக்காம இருந்திருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும் புள்ள," என்றான்.  ஜெசிந்தா அலுவலகத்துக்குத் திரும்பிப் பொறியிடம் போனாள்.

"அந்த ஜனங்கள எங்க வைக்கப் போற?"

"மிதவை மூடப்பட்டுவிட்டது," என்றது பொறி. "அவர்கள் எந்தப் பிரிவிலும் இல்லை."

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொறியின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரையும் அது தனியாகப் பார்க்கட்டும் என்று செத்தவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். குணசீலன் காவலர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தோளைப் பிடித்து இழுத்தபோதும் அவள் நிறுத்தவில்லை.