பீபரி இல்லாத தட்டு

மழை விட்ட காலையில் தபிதா காப்பித் தரச்சோதனை அலுவலகத்து வாசலில் வந்து நின்றாள். கறுப்புத் துணி உடுத்தியிருந்தாள். கழுத்தில் விதவைகள் போடும் சாம்பல் நிற விதைமாலை. உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் நயோமி முதலில் அந்த மாலையைத்தான் பார்த்தாள். நயோமியின் சொந்த மாலை அலமாரிக்குள் கிடந்தது. ஆபீசுக்கு ஒத்துவராது என்று கணவனைப் புதைத்த அடுத்த மாதமே கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகு வருத்தம் என்று தனியாக ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டுப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"அக்கா, ஆலையில என் காப்பிய வேண்டாம்னுட்டாங்க. புளிச்சுப் போச்சாம். அது என் காப்பியே இல்ல."

"உள்ள வந்து உக்காரு. எப்படிப் பதம் பண்ணின?"

"செவப்புப் பழம் மட்டும்தான் பறிச்சேன். அன்னிக்கே தோல் உரிச்சேன். வழவழப்புப் போற வரைக்கும் ஊற வெச்சு ஆத்துல கழுவினேன். தார்ப்பாயில காஞ்சுது."

"மழை வந்தப்ப? வீட்டுக்குள்ள அடுப்புக்கு மேல போட்டியா?"

"புகைநாத்தம் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மூலையில் பாக்கு மென்றுகொண்டிருந்த ஹசு நிமிர்ந்து உட்கார்ந்தான். அலுவலக வண்டி ஓட்டுபவன், ஐம்பதைத் தாண்டியவன். எந்தத் தகராறு வந்தாலும் முடிச்சை அவிழ்ப்பது தன் பொறுப்பு என்று நினைப்பவன்.

"மூட்டைய ரோடு வரைக்கும் தூக்கினது யாரு?"

"மைவா. என் வீட்டுக்காரரோட அண்ணன்."

அவள் சொன்னது இதுதான். கணவன் இறந்ததும் அவனுடைய காப்பி மரங்களை மைவா கேட்டான். ஊர்க்கூட்டம் ஒரு முடிவு சொன்னது: இந்தப் பறிப்பில் அவள் காப்பி முதல் தரத்தில் தேறினால் தோட்டம் அவளுக்கு, இல்லாவிட்டால் மைவாவுக்கு. நாளை கூட்டம்.

"தோட்டம் போனா நான் பொறந்த ஊருக்குப் போகணும். பிள்ளைங்க அப்பன் வம்சமாம், கூட அனுப்ப மாட்டாங்க. ரெண்டும் சின்னது, அக்கா."

அவள் அழவில்லை. நயோமியும் ஆறுதல் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்து ஹசுவிடம் கொடுத்தாள்.

மூவரும் ஆலைக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஹசுதான் பேசினான். "தங்கச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு? மைவா வழியில மூட்டைய மாத்திட்டான்."

"இருக்கலாம்," என்றாள் நயோமி.

ஆலையில் விதையின் ஓடு உடைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சல்லடைகள் விதைகளை அளவுவாரியாகப் பிரித்துத் தள்ளின. நீள மேசைகளில் பெண்கள் கெட்ட விதையைப் பொறுக்கிப் பக்கத்துக் கூடைகளில் போட்டார்கள். ஒருத்தி ஹசுவின் சிவந்த வாயைப் பார்த்து, "மாமா, எங்கயாவது துப்பி வெச்சிராதீங்க, அதையும் பழம்னு பொறுக்கி வெப்போம்," என்றாள். மேசையே சிரித்தது.

மேலாளர் கோமாரா, பதற்றத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நானே வறுத்துக் குடிச்சுப் பாத்தேன். வாயில வைக்க முடியல. பொய் சொல்லல." சோதனைக்கு மாதிரி எடுக்கும் யாவி விதைத் தட்டை நீட்டினான். மைவாவும் அங்கே இருந்தான். கூட்டத்தில் காட்டுவதற்காக மூட்டையைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தான்.

நயோமி விதைகளைப் பலகையில் கொட்டி விரலால் பரப்பினாள். கறுத்தவை, பழுத்த இலை நிறத்தில் புளித்தவை, பூச்சி துளைத்தவை. நடுவே சில நல்லவை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. எல்லாம் நன்கு திரண்டவை, ஒரே அளவு. மெல்ல ஒதுக்கி ஒதுக்கி, கடைசி விதைவரை பார்த்தாள். கணவனின் சட்டைகளையும் அவள் இப்படித்தான் மடித்துக் கொடுத்துவிட்டாள். கை வேலை செய்தது, மற்றது எங்கேயோ இருந்தது.

பிறகு மூட்டையிடம் போனாள். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு. உள்ளங்கையால் நான்கு பக்கமும் தடவினாள். ஹசு குனிந்து சாக்கின் வாயைப் பார்த்தான். நூல் கண்ணி கண்ணியாக, பை பின்னுகிற மாதிரி ஓடியிருந்தது.

"உன் தையலா?" என்று கேட்டான்.

"என் தையல்தான்," என்றாள் தபிதா. "பிரிச்சா இப்படித் திரும்பப் போட ஆம்பளைக்கு வராது."

ஹசுவின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப மைவா மாத்தலியா?"

மைவா சிரித்தான். "ஓட்டுநரே, வண்டிய ஓட்டு. அது போதும்."

நயோமி யாவியிடம் திரும்பினாள். "உங்க வீட்டுல காப்பித் தோட்டம் உண்டா?"

"இல்லீங்க. ஆலை லைன் வீட்டுலயே பொறந்து வளந்தேன்."

"ஒரு நாளாவது பறிச்சிருக்கியா?"

"எதுக்குங்க? இங்கயே மலை மாதிரி வருதே."

அவள் தலையசைத்தாள். "கோமாரா, இயந்திரத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் இங்க வாங்க."

சத்தம் அடங்கியது. நயோமி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இது தோட்டத்துலருந்து நேரா வந்த காப்பியோட மாதிரி. விதை ஓட்ட மட்டும் நீக்கினது, சல்லடைக்கே போகல. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றார் கோமாரா.

"அப்ப இதுல பீபரி எங்க?"

மேசைப் பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்றாள், மெதுவாக.

"எந்த மரத்துலயும் சில பழத்துல ரெண்டு விதைக்குப் பதிலா ஒத்த விதை உருண்டையா இருக்கும். அதுதான் பீபரி. பறிக்கிறவ அத வெளியிலருந்து பாத்துப் பிரிக்க முடியாது. சின்ன விதையும் வரும், பெரிசும் வரும். இங்க உருண்டை ஒண்ணுகூட இல்ல. சின்னதும் இல்ல. சல்லடைல ஏறி எறங்கினாத்தான் இப்படி ஆகும். இது தபிதாவோட தோட்டத்துலருந்து வரல. அந்த மேசையில பொறுக்கிப் போட்ட கூடையிலருந்து வந்துது."

"அத யாரு வேணா எடுத்திருக்கலாமே," என்றான் மைவா.

"நீங்க எடுத்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது. வாழ்க்கை முழுக்கப் பறிச்சவர். நாலு உருண்டையக் கலந்து வெச்சிருப்பீங்க. காப்பின்னாலே சல்லடைக்குக் கீழ விழுறதுதான்னு நெனைக்கிற ஒருத்தர் செஞ்ச வேலை இது." அவள் சாக்கைத் தட்டினாள். "மாதிரி எடுக்கணும்னா குத்தூசியால குத்தணும். இந்தச் சாக்குல ஓட்டை விழுந்தா மூடாது. தடவிப் பாருங்க, ஒரு குத்துகூட இல்ல. வாயும் பிரிக்கல. அப்ப மாதிரி எங்கருந்து வந்துது, யாவி?"

யாவி மைவாவைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"மாமா கேட்டாரு," என்றான். "என் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்குக் குடுத்த பன்னியெல்லாம் அவர் தந்ததுங்க. தாய்மாமன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

கோமாரா தன் கையாலேயே சாக்கைக் குத்தினார். சின்ன இயந்திரத்தில் ஓடு நீக்கி, விதைகளைப் பலகையில் கொட்டினார். நீலம் கலந்த பச்சை. பெரிதும் சிறிதுமாக ஓடின. நடுவில் உருண்டைகள் தனியாக உருண்டு விளிம்புவரை போயின. வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்தார். கண்ணை மூடியபடியே, "முதல் தரம்," என்றார். நயோமிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. குடித்தாள். சூடாக இருந்தது.

மைவா தபிதாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஈடா பெரிய பன்னியா ஒண்ணு தர்றேன். கூட்டத்துல இத எடுக்காத."

"பன்னி வேண்டாம். நாளைக்கு நீங்களே எந்திரிச்சு, தோட்டம் அவளுதுன்னு சொல்லுங்க. அப்ப நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில், "சொல்றேன்," என்றான்.

தபிதா யாவியிடம் திரும்பினாள். "நீ மிச்சப் பழத்தப் பறிக்க வா. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. மழையில நிக்கணும், சொல்லிட்டேன்."

திரும்பும் வழியில் ஹசு வாயே திறக்கவில்லை. தபிதா பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளிடமே இருக்கும். அதை நினைத்தால் தனக்குள் ஏதாவது அசையும் என்று நயோமி காத்திருந்தாள். அசையவில்லை.

"இனிமே நீ அழலாம்," என்றாள், திரும்பாமலே.

"இப்பவா? பழம் நிக்குதே. ஒரு நாள் விட்டா கீழ விழுந்துரும். பறிப்பு முடியட்டும், உக்காந்து அழறேன்." தபிதா முன்னிருக்கைப் பக்கம் சாய்ந்தாள். "உங்க வீட்டுக்காரர் துக்கத்துக்கு நானும் வந்திருந்தேன், அக்கா. மண்ணப் பூசிக்கிட்டு ஊரே அழுதுச்சு. நீங்க எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க."

நயோமி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"பறிப்பு முடிஞ்சதும் வாங்க," என்றாள் தபிதா. "தோட்டத்துல யாரும் இருக்க மாட்டாங்க. சேந்து அழலாம்."

ஹசு ஓரக்கண்ணால் நயோமியைப் பார்த்தான். உடனே பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

"பறிப்பு எப்ப முடியும்?" என்று கேட்டாள் நயோமி.