மவுண்டுக்கு அடியில்

முனியன் போட்டுவைத்த இடத்தில் மகளின் குரல் இல்லை. கணியம்பாடி ஆபீஸ் அனுப்பிய விதைப் படங்கள்தான் இருந்தன.

புதூர்நாட்டு விதைக் கிடங்கில் அவர் மூட்டை தூக்குகிறவர். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துவந்த மகள் அன்பரசி ஜீப் கவிழ்ந்து செத்துப் பதினாறு நாள். "அப்பா, சாப்டியா? தோ வர்றேன்." போனில் மிஞ்சிய அந்த நாலு நொடிக் குரலைக் கிடங்குக் கம்ப்யூட்டரில் தனக்குத் தெரிந்த ஒரே ஃபோல்டரில் வைத்தார். அப்புறம் போன் மழையில் நனைந்து அதிலிருந்ததெல்லாம் போனது. தினமும் காலையில், அவள் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து, கணியம்பாடிக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரை அதே ஃபோல்டர் மேல் மூடிபோல ஏற்றி மவுண்ட் செய்வதும் அவர்தான்.

கணியம்பாடி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளவரசன் கிடங்குப் போனில் சிரித்தான்.

"இன்னாண்ணா நீ! காலி ஃபோல்டர் மேலதான் மவுண்ட் பண்ணணும்னு பாப்பா சொல்லலியா? ஒண்ணும் அழியல. அடியிலதான் கீது. மேல கீறத எடுத்துடு."

அடியில். நரி தோண்டாமலிருக்க அவளைப் புதைத்த குழிமேல் முள் வைத்துக் கல் அடுக்கியதும் இதே கைதான்.

பொழுது சாய்ந்து, மழை தகரக் கூரையில் விடாமல் தட்ட, நனைந்த சாக்கும் புளியும் சேர்ந்து நாற, மூட்டைகளின் நிழல் சுவரில் ஆள்போல ஏறி இறங்க, மவுண்டை எடுக்க இளவரசன் சொன்னதை அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

முடியாது, ஃபோல்டர் பிஸி என்றது திரை.

"யாரோ உள்ளாற கீறாங்கண்ணா. அவங்க வெளியே வந்தாதான் வுடும்."

"இங்க நான் ஒருத்தன்தான் கீறேன், சாமி."

"அப்ப யாருன்னு அதையே கேளு. நான் சொல்றத அடி."

அடித்தார். ஒரே ஒரு பெயர் வந்தது. இங்கிலீஷில் அவருக்கு முழுசாகப் படிக்கத் தெரிந்த ஒரே பெயர்.

"பாப்பா பேரு காட்டுது."

"வெளாடாதண்ணா. அந்த லாகினை நான்தான அழிச்சேன்..."

போன் கட்டானது.

மறுபடி அடித்தார். பிஸி. மறுபடி. பிஸி.

மழை நின்றது. சட்டென்று.

மறுபடி அடித்தார். விட்டுவிட்டது.

விதைப் படங்கள் போய்விட்டன. அவள் குரல் மட்டும் அங்கே இருந்தது. தொட்டார்.

"அப்பா, சாப்டியா? தோ வர்றேன்."

அழுதார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நாலு நொடி முடிந்தது.

குரல் நிற்கவில்லை.

கல்லோடு கல் உரசியது. மூச்சு.

"ரொம்ப கனமா இருந்துச்சுப்பா. நல்லவேளை, எடுத்துட்ட."

வெளியே ஈர மண்ணில் எதுவோ இழுபட்டு வந்தது. மெதுவாக. வாசல்வரை.

கை ஒன்று படியைப் பிடித்தது. மண் அப்பிய கை. உள்ளங்கை முழுக்க முள்.

"சாப்டியா?"