இம்ஹோப் வீட்டு மணி

அன்று மாலை ரோட்ஷ்டாக் மலை ரயில் நிலையத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பால்ஸ் இம்ஹோப், அவர் மனைவி வெரீனா, அவர்களுடைய பதினோரு வயது மகள் லெனி, அவள் தம்பி செப்பி, நிலையத் தலைவர் ஹாஸ்லர், மாட்டுக்காரி ரெகுலா, ரெகுலாவின் மாடுகள். கடைசி ரயிலில் பயணிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், பாதிதான் தெரிந்திருக்கும். வேறு யாராவது வந்து, "நானும் அங்கே இருந்தேன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மணியை விட்டுவிட்டேனே! இம்ஹோப் வீட்டுப் பெரிய மணியும் அங்கே இருந்தது. எல்லாம் அதனால்தான் வந்தது.

அது செப்பியின் தலையைவிடப் பெரிய மணி. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அது ஒலிக்கும். கோடை முழுவதும் மலைமேல் மேய்ந்த மாடுகள் ஊருக்கு இறங்கிவரும் நாள் அது. முன்னால் வரும் மாட்டின் கழுத்தில் அந்த மணி தொங்கும். இம்ஹோப் வீட்டு மாடு அந்த மணி இல்லாமல் ஒரு வருடம்கூட ஊருக்குள் இறங்கியது கிடையாது.

இந்த வருடம் மணியின் தோல்வார் பிய்ந்துவிட்டது. அதை லூசெர்ன் நகரத்தில் ஒரு தோல் தொழிலாளியிடம் தைக்கக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் மாடுகள் இறங்க வேண்டும். அன்றைக்கு மணியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம்.

வரவில்லை. ஏனென்றால், அப்பா குடும்பச் சீட்டு வாங்கியிருந்தார்.

அந்த ஒரே சீட்டில் ரயில், படகு, மலை ரயில் எல்லாவற்றிலும் அன்று முழுவதும் போகலாம்.

"போகலாம்னு போட்டிருக்கான். போகாம வீட்டுக்குத் திரும்பினா சீட்டுக்கே அவமானம்" என்றார் அப்பா.

"சீட்டுக்கு அவமானமா? எனக்குக் கால் வலிக்குதுங்க" என்றாள் அம்மா.

அப்பா காதில் வாங்கவில்லை. மணியைத் தோளில் மாட்டிக்கொண்டு லூசெர்ன் நகரத்தின் மரப்பாலத்தில் முன்னால் நடந்தார். மணி "டாங்" என்றது. பாலத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நால்வரும் தேவாலயத்துக்குள் போனார்கள். "டாங்." முழங்காலிட்டிருந்த ஒரு பெரியவர் முறைத்தார். லெனிக்குத் தரையில் ஒரு பொந்து இருந்தால் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்பா, அதுக்குள்ள எதையாவது அடைங்கப்பா."

அப்பா சுற்றிலும் பார்த்தார். அம்மாவின் கம்பளிச் சால்வை அகப்பட்டது. அதைச் சுருட்டி மணிக்குள் திணித்தார். மணி வாயை மூடிக்கொண்டது.

படகில் ஏரியைக் கடந்தார்கள். செப்பி ஐஸ்கிரீம் கேட்டான். "சீட்டுல ஐஸ்கிரீம் கிடையாது" என்றார் அப்பா. செப்பி அக்கரை வந்தும் அழுதான். அவன் அழுகையை நிறுத்தியபோது மலை ரயிலில் இருந்தார்கள். பல்சக்கரம் கறகறவென்று கடித்துக் கடித்து ஏறியது. உச்சியில் மூடுபனி. மலையும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை.

"அதோ, அந்தப் பக்கம்தான் நம்ம ஊரு" என்று அப்பா பனிக்குள் கையைக் காட்டினார்.

"எந்தப் பக்கம்?"

"அந்த வெள்ளைக்குப் பின்னால இருக்கிற வெள்ளை."

அம்மாவுக்குப் பற்கள் தந்தியடித்தன. "பாத்தது போதும். என் சால்வையைக் குடுங்க."

அப்பா சால்வையை உருவிக் கொடுத்தார். இங்கேதான் தவறு நடந்தது. சிறு வயது முதல் மாடு மேய்த்தவர், எதை உருவுகிறோம் என்று யோசிக்காமல் உருவினார். சரி, குளிரில் நிற்கும் மனைவி கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்?

நிலையத்தை நோக்கிச் சரிவில் இறங்கினார்கள். கடைசி ரயில் அங்கே நின்றுகொண்டிருந்தது; கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இம்ஹோப் குடும்பத்தார் எங்கேயும் முன்கூட்டியேதான் போவார்கள். அப்பா எட்டு வைக்க வைக்க மணி கணீர் கணீரென்று ஒலித்தது.

"அப்பா, பின்னாடி பாருங்க" என்றான் செப்பி.

"பேசாம நட."

"அப்பா, மாடு வருது."

"மலைன்னா மாடு இருக்கும்."

"எல்லா மாடும் வருதுப்பா."

லெனி திரும்பிப் பார்த்தாள். பனிக்குள்ளிருந்து பழுப்பு நிற மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. புல்லை அப்படியே விட்டுவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போல வந்தன. பெரிய மணி அடித்தால் வீட்டுக்குப் போகும் நாள் வந்துவிட்டது என்று எந்த மாட்டுக்குத்தான் தெரியாது?

அப்பா மணியின் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் மாடுகள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. அவரைத் தாண்டி நிலையத்துக்குள் நுழைந்தன. இரண்டு மாடுகள் ஹாஸ்லர் ஆசையாக வளர்த்த சிவப்புப் பூக்களைத் தின்றன. மற்றவை ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் வரிசையாக நின்றன.

ஹாஸ்லர் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டார். "ஐயா! இது ரயில் நிலையமா, தொழுவமா? இந்த ரயில் போனாத்தான் கீழே படகு கிளம்பும். படகு போனாத்தான் அங்க இன்னொரு ரயில் கிளம்பும். உங்க மாட்டால இந்த நாடே நின்னுடும் போலிருக்கே!"

"என் மாடு இல்ல" என்றார் அப்பா விறைப்பாக.

"இல்லதான்! என் மாடு!" என்று கத்திக்கொண்டே ரெகுலா ஓடிவந்தாள். கையில் கோல், காலில் சேறு, முகம் தக்காளிப்பழம். "யோவ் பெரிய மனுஷா! மாடு திருட வந்தா, இவ்வளவு பெரிய மணியை அடிச்சுக்கிட்டா வருவ?"

"நாக்கை அடக்கிப் பேசும்மா! இம்ஹோப் குடும்பத்தைப் பாத்தா திருடன்கிற?"

"பின்ன என்ன? எங்க மாடு இறங்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. கீழே தொழுவத்துக்குக் கூரைகூடப் போடல. இதுங்க இப்பவே இறங்கினா எங்கய்யா கட்டுவேன்? உன் சட்டைப்பையிலயா?"

ரெகுலா கோலால் தட்டினாள். மாடுகள் அசையவில்லை. அப்பா பின்னாலிருந்து தள்ளினார். ஒரு மாடு அவர் காலணிமேல் சாணி போட்டது. ரயிலுக்குள் யாரோ சிரித்தார்கள். ஹாஸ்லர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அம்மா சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, "நான் காலையிலயே சொன்னேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மாட்டைப் பார்க்கவில்லை.

லெனி பார்த்தாள். எல்லா மாடுகளும் கீழ்நோக்கித்தான் நின்றன. முன்னால் வந்த ஒரே ஒரு மாடு மட்டும் திரும்பி நின்றது. அது அப்பாவின் தோளையே முட்டிக்கொண்டிருந்தது. அப்பா தள்ளிவிட்டார். மறுபடியும் வந்து, தோல்வாருக்கு அடியில் கழுத்தை நுழைக்கப் பார்த்தது.

"அது பேரு என்ன?" என்று லெனி ரெகுலாவைக் கேட்டாள்.

"புரூனா. அதுதான் முன்மாடு. அது நடந்தா எல்லாம் நடக்கும். இன்னிக்கு அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"பைத்தியம் இல்ல அத்தை. அது வீட்டுக்குப் போகக் கேக்கல. மணியைக் கேக்குது. மணி அடிச்சாச்சு, தன் கழுத்துல மட்டும் மாட்டலையேன்னு நிக்குது, பாவம். மாட்டிவிட்டு மேல கூட்டிட்டுப் போனா வரும்."

அப்பா சொன்னார்: "கூடாது. எங்க மணி இதுவரைக்கும் வேற வீட்டு மாட்டுக் கழுத்துல ஏறினதே கிடையாது."

"எனக்கும் வேண்டாம்! ஊரான் வீட்டு மணியைப் போட்டுக்க என் மாடு என்ன அநாதையா?" என்றாள் ரெகுலா.

"எங்க தாத்தா காலத்து மணி!"

"எங்க மாடு பரிசு வாங்கின மாடு!"

"போதும்!" என்றாள் லெனி.

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. செப்பிகூட மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினான்.

"காலையிலிருந்து மணி, சீட்டு, மானம்! எனக்குப் பசிக்குது. தம்பிக்குக் குளிருது. அந்த மாமா பூவெல்லாம் போச்சு. அத்தைக்கு மாடு கட்ட இடம் இல்ல. அந்த மணியைக் குடுங்கப்பா!"

அப்பா கொடுக்கவில்லை. லெனியே அவர் தோளிலிருந்து வாரை இழுத்தாள். கனம் தாங்காமல் தள்ளாடினாள். புரூனா தலையைத் தாழ்த்திக் காத்திருந்தது. லெனி வாரைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

புரூனா ஒருமுறை தலையை ஆட்டிப் பார்த்தது. கணீர்! சரிதான் என்பதுபோல மூச்சு விட்டது. லெனி அதன் காதுக்குப் பக்கத்தில், "வாடி ராணி" என்று சொல்லி மேட்டுப் பாதையில் நடந்தாள். புரூனா கூடவே நடந்தது. பூத் தின்ற இரண்டும் நிமிர்ந்து பார்த்தன. பிறகு எல்லா மாடுகளும் திரும்பி, அதே கல்யாண ஊர்வலம் போல மலையேறின.

தண்டவாளம் காலியானதும் ஹாஸ்லர் ஊதலை ஊதினார்.

"ரயில்! இதுக்கும் சேத்துதான் சீட்டு!" என்று அப்பா கூவினார்.

"சீட்டு போகட்டும். பொண்ணு மேல போறா பாருங்க" என்று அம்மா செப்பியைத் தூக்கிக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் நடந்தாள். அப்பாவும் நடந்தார். வேறு வழி?

மேய்ச்சல் வேலிக்குள் மாடுகள் எல்லாம் நுழைந்த பிறகு, லெனி மணியைக் கழற்றினாள். புரூனா தடுக்கவில்லை. அதன் ஊர்வலம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

ரெகுலா சூடான பாலும் பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். செப்பி மூன்று குவளை குடித்தான். பிறகு ரெகுலா தன் பால் வண்டியில் அவர்களை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டாள். வழி முழுவதும், எந்த வைக்கோல் நல்லது என்று அவளும் அப்பாவும் சண்டை போட்டார்கள். இறங்கும்போது அவள் லெனியிடம் மட்டும் கை குலுக்கினாள். மறுநாள் காலையில் இம்ஹோப் வீட்டு மாடு இம்ஹோப் வீட்டு மணியோடுதான் ஊருக்குள் இறங்கியது.

இப்போது எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு உலவுகிறது. பால்ஸ் இம்ஹோப் பெருந்தன்மையோடு தன் பரம்பரை மணியைக் கழற்றி, அயலார் மாட்டுக்குத் தன் கையாலேயே கட்டிவிட்டாராம். அது பொய். கட்டியது லெனி. அவர் அப்போது "கூடாது, கூடாது" என்று கத்திக்கொண்டிருந்தார்.