படத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி

தளபதி 'நில்' என்றால் பத்தாயிரம் பேர் நிற்பார்கள். 'நட' என்றால் நடப்பார்கள். ஒருத்தி மட்டும் "ஏன்?" என்று கேட்பாள். அவருடைய மகள்தான். வயது பத்து. அவளை வீட்டில் எல்லோரும் 'ஏன்குட்டி' என்றே கூப்பிடுவார்கள்.

மறுநாள் பள்ளி ஆண்டு விழா. தளபதிதான் சிறப்பு விருந்தினர். பாலம் உடைந்த ஆற்றைப் படையோடு கடந்து அவர் ஒரு ஊரையே காப்பாற்றியவர். அந்தக் கதையை ஆசிரியை எழுதிக் கொடுத்திருந்தார். மகள் அதை மேடையில் சொல்ல வேண்டும்.

ஏன்குட்டி சமையலறையில் நின்று ஒப்பித்தாள். அங்கேதான் பொறுமையாகக் கேட்க ஆள் இருந்தது. சமையல்கார மாமா, முகாம் நாட்களிலிருந்தே தளபதியோடு இருப்பவர். நாளையோடு அவருக்கு ஓய்வு. பெட்டிகூடக் கட்டிவிட்டார்.

"தளபதி தம் கழுகுக் கண்களால் ஆற்றின் ஆழத்தை அளந்தார்..."

மாமா குபீரென்று சிரித்துவிட்டார். கையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடியது.

"எதுக்கு மாமா சிரிக்கிறீங்க?"

"கழுகுக் கண்ணா? அன்னிக்கு ஐயாவோட கண்ணாடி ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு பாப்பா! கண்ணாடி இல்லேன்னா அவருக்கு ஆறும் தெரியாது, கரையும் தெரியாது."

"அப்போ ஆழத்தைப் பார்த்தது யாரு?"

மாமா வெங்காயத்தைத் தேடுவதில் மும்முரமானார். ஏன்குட்டி விடுவாளா? மூன்று 'ஏன்', நான்கு 'அப்புறம்' ஆனதும் உண்மை வெளியே வந்தது.

"ஆத்தங்கரையிலதான் நம்ம முகாம். கரையோரத் தண்ணி கலங்கலா இருக்கும். அதுல சமைக்க முடியுமா? தெளிஞ்ச தண்ணிக்காக தினமும் குடத்தோட உள்ளே போவேன். எங்கே முட்டி வரைக்கும், எங்கே கழுத்து வரைக்கும்னு எனக்கு அத்துப்படி. இப்படிப் போலாம் ஐயான்னு சொன்னேன். போனோம். அவ்வளவுதான்."

"இதுல உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!"

"யார் சொன்னா? பேப்பர்ல படமே வந்துச்சு!" இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தார். ஆற்றின் நடுவே தளபதி, பின்னால் வீரர்கள். "இந்த ஓரத்துல கரண்டி தெரியுதா? முன்னாடி போய் அதைத் தூக்கிப் பிடிச்சு வழி காட்டினது நான்தான்."

கரண்டி மட்டும்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்தத் தாளை இவர் பத்திரமாக வைத்திருக்கிறாரே! நாளைக்கு அவர் போய்விடுவார். அதற்குள் அவருக்கு யாராவது நன்றி சொல்லியாக வேண்டும். அவள் சொன்னால் போதாது. சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டும்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. விருந்தினர்களுக்குத் தேநீர் போட மாமாவும் வந்திருந்தார். ஏன்குட்டி கணீரென்று பேசினாள். கழுகுக் கண் வந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்த ஆசிரியை, "அளந்தார்... ஆழத்தை அளந்தார்..." என்று திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஏன்குட்டி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, அன்னிக்கு உங்க கண்ணாடி எங்கே இருந்துச்சு?"

ஆசிரியைக்கு வியர்த்துக் கொட்டியது.

தளபதி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உடைஞ்சு கிடந்துச்சு."

"அப்போ ஆழத்தைப் பார்த்தது?"

"நம்ம சமையல்காரர்." தளபதி எழுந்தார். "பேப்பர்ல என்னை மட்டும் புகழ்ந்து எழுதினாங்க. நாளைக்குத் திருத்திச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த 'நாளைக்கு' இருபது வருஷமா வரவே இல்லை. இன்னிக்கு என் பொண்ணு வரவெச்சுட்டா. அவளுக்கு நன்றி."

அவர் மேடையிலிருந்து இறங்கி நடந்தார். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற மாமாவின் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"நீங்க இல்லேன்னா நாங்க யாரும் கரை ஏறியிருக்க மாட்டோம். ரொம்ப ரொம்ப நன்றி."

மாமாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பதில் சல்யூட் அடிக்கக் கை துடித்தது. ஆனால் தட்டில் பன்னிரண்டு கோப்பைகள்!

"ஐயா... டீ கொட்டிடுமே!"

ஏன்குட்டி ஓடி வந்தாள். "தட்டை என்கிட்ட கொடுங்க மாமா!"

மாமா கொடுத்தார். நிமிர்ந்து நின்றார். அடித்தார் பாருங்கள் ஒரு சல்யூட்! கைதட்டல் அடங்கவே இல்லை.

அந்த சல்யூட்டை யாரோ எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. நடுவில் மாமா, முழுசாக, கண்கலங்கச் சிரித்தபடி இருந்தார். படத்தின் ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்திருந்தது யாரென்று மாமாவுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.