அவிட்டத்து அறை

முந்தின சாயங்காலம்தான் கோவர்த்தனன் தொட்டிக்குப் புதுசாகக் கிணற்றுத் தண்ணீர் மாற்றியிருந்தான். ஆனாலும் விடிவதற்கு முந்திய இருட்டில், கூடத்துத் தொட்டியிலிருந்த கெண்டைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் முண்டியடித்து, வாயை வட்டமாகத் திறந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. பூட்டிக் கிடந்த அறையை விட்டுத் தள்ளியிருந்த ஓரம்.

பொளக். பொளக்.

கோவர்த்தனன் சிமினி விளக்கைத் தூக்கிப் பார்த்தான். திருப்பதி மீன் இலாகாவில் அவன் வேலையே இதுதான்: நீரில் பிராணவாயு குறைந்தால் மீன் என்ன ஆகிறது என்று பார்ப்பது. முதலில் செவுள் படபடக்கும். பிறகு மேலே வந்து வாய் பிளக்கும். அதுவும் போதாதபோது இதயம் மெதுவாகும். இருப்பதை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மனைவி அம்சவேணி போன பிறகு அவனும் அப்படித்தான் கிடந்தான்.

"மீன் மூச்செல்லாம் எண்றீங்களே, என்னுத எண்ண மாட்டீங்களா?" என்று மூச்சிழுப்புக்கு நடுவிலும் சிரிப்பாள்.

இழுப்பிலேயே போனாள். அன்று அவிட்டம். அந்த நட்சத்திரத்தில் செத்தால் செத்த அறையை ஆறு மாதம் அடைக்க வேண்டும் என்று மாமியார் கன்னியம்மாள் சத்தியவேட்டிலிருந்து வந்து பூட்டிவிட்டாள்.

செம்பில் தண்ணீர் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றினான். நுரைத்தது. மீன்கள் அடங்கிக் கீழே போயின.

சத்தம் அடங்கவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா மாப்ளே?" பாயில் கன்னியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எலி, அத்தை."

"எலி காத்தத் துன்னுமா? சத்தியவேடு மெட்ராசுக்குச் சேருமா ஆந்திராவுக்குச் சேருமான்னு ஊரோட பேசிக்கினு இருப்பீங்க. பக்கத்து ரூம்பப் பத்தி மட்டும் வாய் தொறக்க மாட்டீங்க."

ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். "தொறந்து காட்டிட்றேன்."

"வாணாம்! கெடு இன்னும் தாண்டல. அவ வெளிய வந்தா இந்த வூட்டுக் காத்து அவளுக்குப் பத்தாது."

பயமாக இல்லை. எதுவுமாகவும் இல்லை. உள்ளே அவள் மூச்சுக்குத் திணறுகிறாள் என்றால் திறந்துவிட வேண்டியதுதான் என்று மட்டும் தோன்றியது. பூட்டை நெருங்க நெருங்கப் பாசி நாற்றம் அடித்தது. தைல வாசனையும், அவள் தலையணை வாசனையும் அதில் கலந்திருந்தன. விளக்கின் சுடர் கதவின் அடி இடுக்கை நோக்கிச் சாய்ந்து, நீண்டு, நிமிராமல் நின்றது.

சாவியை நுழைத்தான். சுடர் சுருங்கியது. நீலமானது.

பின்னால் தொட்டியில் மீன்கள் மல்லாந்தன. ஒவ்வொன்றாக.

திரும்பினான். கன்னியம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். குரல் இல்லை. வாய் மட்டும் திறந்தது. மூடியது.

அவன் நெஞ்சு அடைத்தது. சரிந்தான். தரையில் கன்னம் பட்டது.

கதவிடுக்கில் இரண்டு உதடுகள். ஓரம் நீலம். ஈரம்.

வட்டமாகத் திறந்தன. மூடின.

கோவர்த்தனன் எண்ணத் தொடங்கினான்.