நாலாம் கொட்டடி காலி!

டெலிபோன் அலறியது!

விடிந்தும் விடியாத நேரம். லாயத்தம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

"அண்ணி..." மறுமுனையில் மூச்சு வாங்கியது. "பதறாதீங்க... ஒரு கெட்ட சேதி. உக்காந்திருக்கீங்களா?"

"படுத்திருக்கேன்டா. சொல்லித் தொலை."

"நாலாம் கொட்டடி..."

"அதுக்கென்ன?"

"காலி!"

லாயத்தம்மா துள்ளி எழுந்தாள்.

பேசியது அவள் கொழுந்தன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அதே லாயத்துக்குள் நின்றுகொண்டு போன் செய்கிற ஆள். துப்பறியும் கதைகளாகப் படித்துப் படித்து, பால் பொங்கி வழிந்தால்கூட 'சம்பவ இடம்' என்பான். தலை நரைத்தும் அண்ணியிடம் குட்டு வாங்குவது நிற்கவில்லை.

"எவனாவது மேய அவுத்து விட்டிருப்பான். நல்லாப் பாரு!"

"பாத்துட்டேன் அண்ணி. கதவு திறந்து கிடக்கு. வாசல்ல வண்டித் தடம். குதிரை ஏத்துற வண்டி! கடத்தல் அண்ணி... அப்பட்டமான கடத்தல்!"

"நாலுல கட்டியிருந்தது யாரு குதிரைடா..."

கேட்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

நேற்று மாலைதான் ஐந்தாம் கொட்டடியின் கூரை ஒழுக ஆரம்பித்தது. அதிலிருந்த குதிரைக்கு ஒரு சொட்டு மேலே பட்டாலும் ஆகாது. நாலில் இருந்த குதிரைக்கோ நனைவதென்றால் கொண்டாட்டம். "ரெண்டையும் இடம் மாத்திக் கட்டுடா" என்று சொன்னதே அவள்தான்.

அப்படியென்றால் காணாமல் போனது...

இன்ஸ்பெக்டரின் குதிரை!

*

அடுத்தவர் குதிரையை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. குதிரை ஒருவருடையது. லத்தி அள்ளுவது, குளம்பு சுரண்டுவது, வயிறு வலித்தால் கூடவே நடப்பது எல்லாம் இன்னொருவர். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை பளபளவென்று பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவார். ஒரு காரட்டை நீட்டுவார். "என்னைப் பாத்ததும் எப்படிச் சிரிக்குது பாத்தீங்களா!" என்று பூரித்துப் போவார்.

'அது காரட்டைப் பார்த்துச் சிரிக்கிறது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லாயத்தம்மா சொல்லிவிடுவாள்!

அவள் குரல் கேட்டால் குதிரைகள் காதை நிமிர்த்தும். குதிரைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இப்போது அந்த லாயத்தம்மா, நாலாம் கொட்டடி வைக்கோலில் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கையில் ஏதோ தட்டுப்பட்டது.

"வெள்ளையா... சதுரமா..." கொழுந்தன் பின்வாங்கினான். "தொடாதீங்க அண்ணி! விஷம்!"

அவள் அதை நக்கிப் பார்த்தாள்.

"அண்ணீ!!"

"கத்தாதடா. சர்க்கரைக் கட்டி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குதிரைக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது என்பது லாயத்தின் முதல் சட்டம். அதை மீறுகிற ஒரே ஆள் பல் டாக்டர். 'இனிப்பைத் தொடாதீர்கள்' என்று ஊரையே மிரட்டுகிறவர், தன் குதிரையைப் பார்க்க வரும்போது மட்டும் சட்டைப் பை நிறையச் சர்க்கரைக் கட்டியோடு வருவார். போன மாதம் எல்லார் முன்னாலும் அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்க்க வைத்துவிட்டாள் லாயத்தம்மா.

"ஆனா அண்ணி... பல் டாக்டருக்குத்தான் சொந்தமா ஒரு குதிரை இருக்கே? இன்ஸ்பெக்டர் குதிரை எதுக்கு?"

"அதான்டா எனக்கும் விளங்கல."

"பழைய பகையா இருக்குமோ? இன்ஸ்பெக்டருக்கு எப்பவாவது தப்பான பல்லைப் பிடுங்கி..."

"உன் பல்லைப் பிடுங்கிடுவேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. என்ன?"

கொழுந்தன் எச்சில் விழுங்கினான்.

"குதிரைக்காரங்க குரூப்ல... ஒரு மெசேஜ் மட்டும்..."

"என்னன்னு?"

"'நாலாம் கொட்டடியில் கடத்தல்! அடுத்தது யார் குதிரை?'ன்னு."

பளார்! இல்லை... பயப்படாதீர்கள். தலையில் ஒரு குட்டுதான்.

*

ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். அந்த மீசையைப் பார்த்த மாத்திரத்தில் திருடர்கள், செய்யாத திருட்டையும் சேர்த்து ஒப்புக்கொள்வார்களாம். அப்பேர்ப்பட்ட மீசை காலிக் கொட்டடியைக் கண்டதும் துடித்தது.

"பாப்பா..." என்றார். குரல் உடைந்தது. "என் பாப்பாவுக்குக் குளிர் ஆகாதும்மா!"

"தெரியும் சார். போர்வையோடதான் போயிருக்கு."

"போயிருக்குன்னா? ஊருக்கா போயிருக்கு?" இன்ஸ்பெக்டர் சட்டென்று போலீஸ் ஆனார். "பூட்டு உடையல. வெளிக்கேட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"குதிரை வச்சிருக்கிற எல்லார்கிட்டயும். உங்ககிட்ட உள்பட."

"என்னையே சந்தேகப்படறீங்களா?"

"இங்க நான் குதிரையைத் தவிர யாரையும் நம்பறதில்ல சார்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. எதற்கோ அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"மத்தியானத்துக்குள்ள பாப்பா இங்க வந்து நிக்கணும். இல்லேன்னா... லாயத்துக்குப் பூட்டு!"

கொழுந்தனின் போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. "எங்க குதிரையை இன்னிக்கே கூட்டிட்டுப் போறோம்." "எங்களுதையும்." "நாங்க வண்டிக்குச் சொல்லியாச்சு..."

லாயத்தம்மா வரிசையாக நீண்டிருந்த தலைகளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவள் கையால் தைத்த ஒரே மாதிரி நீலப் போர்வை. சாயந்திரம் இந்தத் தலைகள் இருக்குமா? நாளைக்கு விடிந்தால் யாரை எழுப்புவது... யாரைத் திட்டுவது?

பக்கத்தில் நின்ற குதிரையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அப்போதுதான் வாசலில் அந்த ஓலம் கேட்டது!

"ஐயோ! என் செல்லமே! என் கண்ணே பாதாமே! உன்னை எந்தப் பாவி திருடிட்டுப் போனான்!"

பல் டாக்டர்!

சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. தலை கலைந்திருந்தது. ஆனால் கலைந்த தலையில் எண்ணெய் படிய வாரிய தடம் இருந்தது. வாரிவிட்டுப் பிறகு கலைத்த மாதிரி. நேராக ஓடிவந்து நாலாம் கொட்டடி முன்னால் மண்டியிட்டார்.

"இனி இந்த லாயத்துல நான் எப்படிக் காலெடுத்து வைப்பேன்! இந்த இடத்தைப் பாத்தாலே என் நெஞ்சு வெடிக்குமே! இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்... யாரும் என்னைத் தேடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் விழித்தார். கொழுந்தன் வாயைப் பிளந்தான். லாயத்தம்மா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

ஏனென்றால்...

ஐந்தாம் கொட்டடியிலிருந்து ஒரு நீளமான தலை வெளியே வந்தது. டாக்டரின் பிடரியை முகர்ந்தது. பிறகு சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது.

நறுக்... நறுக்...

"சும்மா இரு!" டாக்டர் திரும்பிப் பார்க்காமலே அந்த மூக்கைத் தள்ளினார். "நான் அழுதுக்கிட்டிருக்கேன்ல!"

நறுக்.

டாக்டரின் அழுகை பாதியில் நின்றது.

மெல்ல... மிக மெல்லத் திரும்பினார்.

கிழிந்த சட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டு, அன்பொழுகப் பார்த்தது பாதாம்!

"இ... இது..."

"உங்க குதிரைதான் டாக்டர்," என்றாள் லாயத்தம்மா. "கூரை ஒழுகுதுன்னு நேத்து சாயந்திரம் இடம் மாத்தினோம். கதவுல பேர்ப் பலகையை மாத்தத்தான் மறந்துட்டேன்."

"அப்போ... விடியக்காலையில நான் வண்டில ஏத்துனது?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"என் பாப்பாவை!" இன்ஸ்பெக்டரின் கர்ஜனையில் கூரை ஓடு ஒன்று நகர்ந்தது.

"இருட்டு சார்! எல்லாத்துக்கும் ஒரே போர்வை! தலையில முக்காடு வேற!"

"யோவ், உன்னுது ஆண் குதிரை! ஆணா பெண்ணான்னு கூடவா பாக்கல?"

"நான் எந்தக் குதிரையையும் அங்கெல்லாம் பாக்கறதில்ல சார்," டாக்டர் கெஞ்சினார். "பல்லைக் காட்டியிருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பேன்!"

கொழுந்தன் முன்னால் வந்தான். இத்தனை வருஷம் படித்ததற்கு இன்றுதான் பலன்.

"அண்ணி, இங்கதான் இடிக்குது. சொந்தக் குதிரையை எதுக்கு ஒரு ஆள் திருடணும்?"

டாக்டர் தலையைக் குனிந்தார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு லாயம் திறந்திருக்காங்க. சோபா போட்டிருக்காங்க... காபி மெஷின் இருக்கு... 'ஏன் மூணு வாரமா வரல'ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அங்க போயிடலாம்னு..."

"போறதுன்னா சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா? பயமா இருந்தது."

"பயமா? என்கிட்டயா? நான் என்ன பேயா பிசாசா!"

அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓரடி பின்னால் போனார். இன்ஸ்பெக்டரும்தான்.

"கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேம்மா. கண்ணாடிகிட்டயே நாக்கு ஒட்டிக்கிச்சு. குதிரை திருட்டுப் போச்சுன்னா நீங்க திட்ட மாட்டீங்க... பாவம்னு சொல்லுவீங்கன்னு..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்துச் சுழற்றினார்.

"கேவலம்! ஒரு லாயத்தை விட்டுப் போறதுன்னா இந்த அம்மா கண்ணைப் பாத்துச் சொல்லணும்யா! மனுஷனுக்கு ஒரு நெஞ்சுரம் வேணாம்? ம்... அந்த லாயத்துக்கு போன் போடு! ஸ்பீக்கர்ல போடு!"

டாக்டர் நம்பரை அழுத்தினார். மறுமுனையில் தேனாக ஒழுகியது ஒரு பெண் குரல்.

"டாக்டர் சாரா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஆண் குதிரைன்னு சொல்லித்தானே வண்டி வாங்கிட்டுப் போனீங்க? போர்வையை எடுத்துப் பாத்தா... இது நம்ம இன்ஸ்பெக்டர் சாரோட பாப்பா!"

"உ... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டோ குடுத்து இடம் பிடிச்சு வச்சிருக்காரே! அடுத்த மாசம் கொண்டு வர்றேன்னாரு. 'லாயத்தம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது'ன்னு கையைப் பிடிக்காத குறையாக் கேட்டுக்கிட்டாரு. பாவம், மனுஷன் அவ்வளவு பயப்படறாரு... ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

விலங்கு கீழே விழுந்தது.

மீசை தொங்கியது.

இன்ஸ்பெக்டர் மெதுவாக நகர்ந்து, பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்!

எல்லாரும் இடிக்காகக் காத்திருந்தார்கள். இடி விழவில்லை. லாயத்தம்மா அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் அவ்வளவு மோசமாவாடா பேசறேன்?" என்றாள் கொழுந்தனிடம்.

அவன் கூரையைப் பார்த்தான். ஒழுகுகிற இடத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல.

அவள் கண் கலங்கியது. இத்தனை பேரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் எப்போது நழுவலாம் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

"ஹலோ..." ஸ்பீக்கரில் தேன் கொஞ்சம் வற்றியிருந்தது. "இன்னொரு விஷயம். இந்தக் குதிரை வந்ததுலேருந்து ஒரு வாய் திங்கல. தண்ணி குடிக்கல. சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டிருக்கு. ஆப்பிள் குடுத்தேன். தடவிக் குடுத்தேன். பாட்டுகூடப் போட்டேன்..."

"பாப்பா சாப்பிடலையா?" முதுகுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் விசும்பினார்.

லாயத்தம்மா போனைப் பிடுங்கினாள்.

"போனை அது காதுகிட்ட வைம்மா."

"வச்சுட்டேன்."

மூச்சை இழுத்தாள்.

"ஏய் கழுதை! என்ன கொழுப்பு உனக்கு? மகாராணிக்கு வெள்ளித் தட்டுல வைக்கணுமோ? நான் அங்க வந்தேன்னா தெரியும் சேதி! தின்னுடி!"

அமைதி.

பிறகு... ஒரு கனைப்பு. அடுத்த நொடி, நறநறவென்று கொள்ளு அரைபடுகிற சத்தம்!

"அடடே!" தேன் குரல் வியந்தது. "எப்படிங்க?"

"திட்டு வாங்காம அது ஒருநாளும் சாப்பிட்டதில்லம்மா."

"நானும்தான்," என்றான் கொழுந்தன்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா... பாப்பா இங்கயே இருக்கட்டும். பூட்டும் வேணாம், கேஸும் வேணாம்."

"பாதாமும்," என்றார் டாக்டர். அவருடைய இன்னொரு பையும் அதற்குள் பாதாமின் வாயில் இருந்தது. "குரூப்ல நானே எழுதிடறேன். திருடன் நான்தான், யாரும் குதிரையை மாத்தாதீங்கன்னு."

லாயத்தம்மா எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகினாள். பழைய குரல் திரும்பிவிட்டது. வரிசையாக எல்லாக் காதுகளும் நிமிர்ந்தன.

"குதிரைங்க இருக்கும். அதுக்கென்ன? சோபா வேணும், காபி வேணும், யாரும் திட்டக் கூடாதுன்னு கேட்டது குதிரைங்க இல்லையே!"

போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இந்தாம்மா, பாப்பாவை உடனே வண்டில ஏத்தி அனுப்பு. வர்ற வண்டி சும்மா திரும்ப வேணாம். இங்க ரெண்டு குதிரைக்காரங்க இருக்காங்க, ஏத்தி விடறேன். நீயே வச்சுக்க. பெருசா ஒண்ணும் பண்ண வேணாம்... ஞாயித்துக்கிழமையானா ஒரு காரட்டைக் காட்டு. நல்லாச் சிரிப்பாங்க!"